ஐநூறு ரூபாய் ஆளும் ஒரு மாதச் சம்பள ஆளும்

திருப்பூரில் ஒரு ஏஜெண்டிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தேன். அவர் என்னை பைக்கில் பின்னால் உட்கார வைத்து அரைக் கிலோமீட்டர் கூட்டிப்போய் ஒரு பனியன் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டார். வாசலில் என் உயரத்துக்கு ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது: ‘ஆட்கள் தேவை. உள்ளே வரவும்.’ நான் போர்டைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

“படிக்கத் தெரியுமுங்களா?” என்று கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் பாதி வரை போனவன் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால், பாவம், வேறு சந்து வழியாகக் கூட்டிப்போயிருப்பார்.

வேலை வாங்கித் தருகிறவர்களுக்குக் கொடுக்கிற காசுக்கும் அவர்கள் செய்து தருகிற காரியத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று அன்றிலிருந்தே யோசித்து வந்தேன். பதில் சிங்காநல்லூரில் கிடைத்தது. அதற்கு நான் ஒரே பட்டறையில் இரண்டு முறை வேலைக்குச் சேர வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் பல இடங்களில் இருந்திருக்கிறேன். வால்பாறையில் தேயிலை மூட்டை ஏற்றினேன். அட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், குளிர் பொறுக்காமல் நான்கு மாதத்தில் இறங்கி வந்துவிட்டேன். பொள்ளாச்சியில் தேங்காய் உரித்தேன், அதன்பிறகு நார் மில். கரூர்ப் பக்கம் ஒரு லாரியில் கிளீனராக ஒரு வருடம். ஒரே இடத்தில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தது அங்கேதான். லாரி ஓடிக்கொண்டே இருந்ததால் எனக்கு ஓட வேண்டிய தேவை வரவில்லை.

இந்த எல்லா வேலைகளிலும் பொதுவாக இருந்தது தூக்குவது. நாற்பத்திரண்டாவது வயதில் அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. குடலிறக்கம் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் அறுத்து, உள்ளே வலை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

“ஆறு மாசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. தூக்கினா திரும்ப இங்கதான் வருவீங்க” என்றார் டாக்டரம்மா.

“தண்ணிக் குடமுங்க?”

“கூடாது.”

“சிமெண்ட் மூட்டை?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆக, எனக்கு ஆறு மாதத்துக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் மூட்டைதான், மூட்டை என்றால் மறுபடி ஆஸ்பத்திரிதான். அந்தச் சமயத்தில் எனக்கிருந்த ஒரே கவலை அது. உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் படிப்பு கேட்பார்கள், என்னிடம் தையல் போட்ட வயிறுதான் இருந்தது.

சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. அங்கே மூலை மேஜைதான் ஒரு தரகரின் ஆபீஸ். பொள்ளாச்சிச் சந்தையில் முப்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். மாடு வாங்குகிறவர்கள் குறைந்துபோகவே மனிதர்களுக்கு மாறியிருந்தார்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்க. மாடு தீவாளிக்கு லீவு கேக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

என்னைக் கல்லா வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வரச் சொன்னார். நடந்தேன். பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன். “பொகையிலை இல்ல. செரி” என்று எனக்கு ஒரு டீயும் தேங்காய் பன்னும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“குத்தம் என்னென்னங்க?”

“என்ன குத்தமுங்க?”

“குத்தமில்லாத உருப்படியே கெடையாதுங்க. சொல்லிப்போட்டு விக்கோணும். சொல்லாம வித்தா பாவம் நம்மளத்தான் சேரும்.”

இப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. பன்னைத் தின்றபடியே இரண்டைச் சொன்னேன். ஒன்று, வயிற்றில் ஆபரேஷன், பாரம் தூக்க முடியாது. இரண்டு, எந்த இடத்திலும் நிலைத்து நின்றதில்லை, திடீரென்று கிளம்பிவிடுவேன். அவர் மனப்பாடம் செய்கிற மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டார். உங்களுக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

“மாட்டுக்கிட்டயாங்க தரகு வாங்கறோம்?”

மறுநாள் அதே மேஜைக்கு ஒரு பம்ப் பட்டறை முதலாளி வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. காக்கி பேண்டில் ஆயில் கறை. எதிரில் இருப்பவருக்கே எட்டாத குரலில் பேசுகிறவர். ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு, போல்ட், பேரிங் எடுத்துக் கொடுத்துக் கணக்கெழுத ஓர் ஆள் வேண்டும் என்றார். தரகர் என் இரண்டு குற்றங்களையும் டீ மாஸ்டருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்துக் காட்டிப் பேரம் நடக்கும், சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. உருப்படிக்கும் தெரியாது. என் விலை அந்தத் துண்டுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து மேஜையில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி போனபிறகு தரகரே சொன்னார். “ஆயிரத்துல தொடங்குனனுங்க. வயித்துக்கு எரநூத்தம்பது கொறச்சாரு. காலுக்கு எரநூத்தம்பது கொறச்சாரு. ஐநூறுக்கு முடிஞ்சுதுங்க. எட்டு நாள்ல செரிப்படலீன்னா மாத்து ஆளு, காசில்லாம. சந்தைப் பேச்சு.”

பட்டறையில் லேத்தில் ஓர் அண்ணன், அவருக்கு மேல் முதலாளி, அவ்வளவுதான். முதலாளியின் வீட்டுக்கார அம்மா தங்கையின் பிரசவத்துக்காக ஈரோடு போயிருந்தார். ஸ்டோரிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் நாள் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் டெம்போ வந்தது.

“ஏனுங்க, சித்த அந்த மோட்டார அங்க வெச்சுப்போடுங்க” என்றார் முதலாளி.

அவர் கேட்கிற மரியாதையில் அது வேலை என்று புரிவதற்குள் மோட்டார் கைக்கு வந்திருக்கும். இருபது கிலோவுக்குக் குறையாது.

“பாரம் தூக்கக் கூடாதுங்களே” என்றேன்.

“தெரியுமுங்க. அதுக்குத்தான் எரநூத்தம்பது கொறச்சிருக்கறனுங்க.”

அவர் ஏமாற்றவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். குற்றத்தைச் சொன்னார்கள், விலையில் கழித்துக்கொண்டாயிற்று, அத்தோடு குற்றம் தீர்ந்தது. தேய்ந்த டயரை விலை குறைத்து வாங்கியவர் அதை மாட்டி ஓட்டத்தானே செய்வார்? இரண்டாவது குற்றத்துக்கும் வழி செய்திருந்தார். ஓடிப்போகிற ஆள் என்பதால் என் துணிப்பையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். “நீங்க தப்பா நெனைக்கப்படாதுங்க” என்று சொல்லித்தான் பூட்டினார்.

ஆறாம் நாள் தையல் போட்ட இடம் சிவந்து எரிய ஆரம்பித்தது. காலையில் டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை. பை போனால் போகட்டும், இரண்டு சட்டைதான். தரகர் சொன்னது பலித்துவிட்டதே என்று வெட்கமாக இருந்ததால் பேக்கரிப் பக்கமும் போகவில்லை.

அடுத்த பதினோரு நாள் பஸ் நிலையத்திலும், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களிலும் கழிந்தது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். எரிச்சல் மட்டும் மெல்ல அடங்கியது.

பன்னிரண்டாம் நாள் கோயமுத்தூர் மெயின் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் முன் நின்றேன். ‘வேலை தேடுவோரிடம் கட்டணம் இல்லை’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஏசி. ஏசிக்காகவாவது உட்காரலாம் என்று போனேன். ஒரு பெண்பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துப் பேசினாள். இருபத்து மூன்று வயது இருக்கலாம். நல்ல சுறுசுறுப்பு.

“கடைசியா எங்க வேலை பாத்தீங்கண்ணா?”

“ஒரு பம்ப் பட்டறையிலங்க. ஸ்டோர்ல.”

“எத்தனை மாசம்?”

“ஆறு நாளுங்க.”

அவள் கை நின்றது. “ஆறுன்னு மட்டும் போடறேண்ணா” என்று தட்டினாள்.

வால்பாறை, பொள்ளாச்சி, கரூர், திருப்பூர் எல்லாவற்றையும் சொன்னேன். அவை ‘பல மாவட்டங்களில் களப்பணி அனுபவம்’ ஆயின. ஒவ்வோர் இடத்தையும் விட்டு ஏன் வந்தேன் என்று அவள் கேட்கவே இல்லை. நானாக ஆபரேஷனைப் பற்றி ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் பர்சனல்ங்கண்ணா.”

“பாரம் தூக்க முடியாதுன்னு சொல்லிப்போட்டா நல்லதுங்களே?”

“சொன்னா எடுக்க மாட்டாங்கண்ணா. நாங்க கம்பெனிகிட்ட ஒரு மாசச் சம்பளம் ஃபீஸ் வாங்கறோம். அவ்வளவு வாங்கிட்டு வயித்த அறுத்தவருன்னு சொல்ல முடியுமா?”

நியாயமாகத்தான் பட்டது. என்னைப் பற்றி இரண்டு பக்கம் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். அந்த ஆளை நான் எங்கேயும் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் வேலை கேட்டிருப்பேன்.

மூன்றாம் நாள் சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார்கள். சிங்காநல்லூர். ஸ்டோர் இன்சார்ஜ். அந்தச் சந்தில் பத்துப் பன்னிரண்டு பட்டறைகள் இருந்தன. நம் பட்டறையாக இருக்காது என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பட்டறைதான். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, உள்ளேயிருந்து ஓர் அம்மா பளிச்சென்ற சேலையில், கையில் செம்பும் தண்ணீருமாக வந்துவிட்டார். ஈரோட்டிலிருந்து திரும்பிய முதலாளியின் வீட்டுக்கார அம்மா. கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்தான் என்பது நடையிலேயே தெரிந்தது.

“வாங்க வாங்க. ஆபீஸ்ல இருந்து போன் பண்ணுனாங்க. உள்ள வந்து உக்காருங்க. ஏனுங்க! வந்துட்டாருங்க!”

பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே முதலாளி வந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பது நின்றது. லேத் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மெஷினைப் போட்டார். அவருக்குச் சிரிக்க வேண்டுமென்றால் மெஷினைப் போட்டுக்கொள்வார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

“போன தடவை இவரு பேக்கரியில ஐநூறு ரூவாய்க்கு ஒரு ஆளப் புடிச்சாருங்க” என்று அம்மா என்னிடம் சொன்னார். “ஐநூறு ரூவா ஆளு எப்படி இருப்பான்? அதுதான் இந்தத் தடவை எச்சுக் காசு குடுத்து நல்ல எடத்துல எடுத்துப்போடலாம்னு நாந்தான் சொன்னனுங்க.”

“ஸ்டோரக் காட்டறேன் வாங்க” என்று முதலாளி என்னை ராக்குக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

“நீங்க அவரு இல்லீங்க. செரிங்களா?”

“எவருங்க?”

“ஓடிப்போனவரு.”

“செரிங்க.”

“அவரு ஆறடிங்க. குடிச்சுப்போட்டு வந்தாருங்க. நான் அவரக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிப்போட்டனுங்க.” பொய்யில் வருகிற குடிகாரருக்கும் அவர் மரியாதையைக் குறைக்கவில்லை. “ஊட்ல அப்படித்தான் சொல்லியிருக்கறனுங்க.”

ஆபரேஷன் ஆன ஆளைத் தூக்க வைத்ததால் ஓடிவிட்டான் என்று வீட்டில் சொல்ல முடியுமா? எனக்குப் புரிந்தது. நான்தான் அந்த ஓடிப்போனவன் என்று தெரிந்தால் என் நாற்காலியும் போய்விடும். இருவருக்கும் ஒரே ரகசியம். முதலாளி ராக்கின் அடியில் ஒளித்து வைத்திருந்த என் துணிப்பையை எடுத்து நீட்டினார்.

“உங்க பையிங்க. அதாவது அவரு பையி. நீங்க வெச்சுக்குங்க.”

அன்றிலிருந்து என் வாழ்க்கை வேறு. மேஜைக்கு ஃபேன் வந்தது. படுக்கத் தலையணை வந்தது. இரண்டாம் நாள் டெம்போ வந்தபோது முதலாளி பழக்கத்தில், “ஏனுங்க, சித்த அந்த மோட்டார...” என்று ஆரம்பித்தார். அம்மா குறுக்கே வந்துவிட்டார்.

“அவரையாங்க தூக்கச் சொல்றீங்க? அவருக்குக் குடுத்த காசு என்ன, அவரு கையில மோட்டாரக் குடுக்கறீங்க? கூலிக்கு ஒரு ஆளக் கூப்புடுங்க.”

கேட்டுக்கொண்டிருந்த என் வயிறு குளிர்ந்தது. குற்றத்தை உரக்கச் சொல்லி விற்றபோது தூக்கினேன். மறைத்து விற்றபோது உட்கார்ந்தேன்.

மாலையில் கரண்டு போனது. இருட்டிய பிறகு திரும்பி வந்ததும் நான் எழுந்து, ராக்குக்குப் பின்னால் கைவிட்டு லைட்டைப் போட்டேன். அந்த சுவிட்ச் இருக்கிற இடம் ஆறு நாள் அங்கே படுத்தவனுக்குத்தான் தெரியும். போட்டபிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அம்மா அசந்துபோய் நின்றார்.

“பாத்தீங்களாங்க! சுவிட்ச் எங்கன்னு கேக்காமயே போட்டுப்போட்டாரு! இதுக்கெல்லாம் ட்ரெயினிங் குடுத்து அனுப்பறாங்க.”

முதலாளி “ஆமாங்க” என்றார். லேத் அண்ணன் மெஷினைப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து எந்தப் பேரிங் எந்த டப்பாவில் என்று பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் பெயர் கண்ணாடி ஆபீசுக்குத்தான் போனது. அக்கம்பக்கத்துப் பட்டறைப் பெண்களுக்கெல்லாம் அம்மா போன் செய்து, காசைப் பார்க்காமல் அங்கேயே ஆள் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கஷ்டம் மத்தியானச் சாப்பாட்டில்தான் இருந்தது. அம்மாவே சமைத்து எல்லோருக்கும் பரிமாறுவார். கணவர் ஒரு குடிகாரனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது இத்தனை வருடக் குடும்பத்தில் அவருக்கு முதல் ஆச்சரியம் போலிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்டுவிடுவார்.

“எப்படிங்க தள்ளுனீங்க அந்த ஆள?”

“அது... கழுத்துல கையப் போட்டனுங்க” என்பார் முதலாளி, சோற்றைப் பார்த்துக்கொண்டு.

“எட்டுச்சுங்களா? ஆறடின்னீங்க?”

“ஆறடிக்கு எச்சா இருப்பாருங்கம்மா” என்று லேத் அண்ணன் ரசத்தை ஊற்றிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். “கதவுல குனிஞ்சுதான் வருவாரு. மொதலாளி ஸ்டூல் போட்டு ஏறித்தான் தள்ளுனாரு.”

“ஸ்டூல் எல்லாம் இல்லீங்க” என்பார் முதலாளி அவசரமாக. பொய்யில் கொஞ்சமாவது நிஜம் இருக்க வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனிதர்.

நான் வெளியே தள்ளப்பட்ட கதையை நானே மோர்மிளகாய் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் அந்த ஆறடி ஆள்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது.

ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் மாட்டுத் தரகர். அவருக்குப் பின்னால் முப்பது வயதில், தாராபுரத்துப் பக்கத்து ஆள் ஒருவர், கதவு அகலத்துக்கு. நான் டப்பாக்களுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். முதலாளி வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்துவிட்டார்.

“ஆருங்க?”

“ஆளு வாங்குனீங்களே அம்மணி, ஐநூறு ரூவாய்க்கு. அது ஓடிப்போச்சுன்னு இவுரு சொன்னாரு. எட்டு நாளுக்குள்ள ஓடுனா மாத்து ஆளுன்னு பேச்சு. மாட்டுக்குப் பாக்கற மாதிரி சுழி சுத்தமா ஒருத்தரத் தேடோணுமில்லீங்களா, அதுதான் நாளாயிப்போச்சு. காசு வேண்டாமுங்க.”

சொல்லிக்கொண்டே அவர் கண் பட்டறையைச் சுற்றி வந்தது. டப்பாக்களுக்கு மேலே தெரிந்த என் தலையில் வந்து நின்றது. முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“அடடே! நம்முளுது பட்டிக்குத் திரும்பி வந்துருச்சுங்களா! சொன்னா நம்ப மாட்டாங்க, சில உருப்படிக தண்ணி குடிச்ச எடத்துக்கே வந்து நிக்குமுங்க!”

“எதுங்க திரும்பி வந்துச்சு?” என்றார் அம்மா.

“இவருதானுங்க. நாங் குடுத்த ஆளு.” என்னைப் பார்த்து, “வயிறு எப்படிங்க இருக்குது? தூக்கலீங்களே?” என்றார். பிறகு அம்மாவிடம், “ஆப்பரேசன் ஆன வயிறு, பாரம் தூக்கப்படாதுன்னு சொல்லித்தானுங்க குடுத்தேன். அதுக்குத்தான் எரநூத்தம்பது கொறச்சாரு.”

லேத் மெஷின் ஓடவில்லை. அண்ணனுக்கே அந்தத் தைரியம் வரவில்லை.

அம்மா என்னை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தார். நான் ஐந்தடி மூன்றங்குலம். பிறகு மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

“ஆறடிங்களா?”

முதலாளி கையில் இல்லாத பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தூக்கச் சொன்னீங்களாங்க?”

அதற்கும் அவர் கையைத்தான் துடைத்தார். அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது, முதலாளிக்கு அதுவே அதிகம்.

நேராகப் போய்க் கண்ணாடி ஆபீசுக்கு போன் போட்டார். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு அந்தப் பெண்பிள்ளையின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. நாங்கள் முன்பு ஐநூறு ரூபாய்க்கு எடுத்த அதே ஆளை ஒரு மாதச் சம்பளத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார்.

“ஆளு இப்ப வேலைல இருக்காருங்களா மேடம்?”

“இருக்காரு.”

“வேலை சரியில்லைங்களா?”

“வேலையெல்லாம் செரியாத்தான் பாக்கறாரு.”

“அப்ப எங்க சர்வீஸ் நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். மூணு மாசத்துக்குள்ள ஓடிட்டா மட்டும் வேற ஆள் தருவோம். காசு திரும்பத் தர்றதில்லைங்க.”

போனை வைத்துவிட்டு அம்மா நெடுநேரம் யோசித்தார். என் கதி என்ன ஆகும் என்று அந்த நேரம் முழுவதும் நான் ஒரே நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். முதலாளிதான் பேச்சைத் தொடங்கினார்.

“புது ஆளு சும்மா வந்திருக்காருங்க. நல்ல ஒடம்பு. ஸ்டோரும் பாத்துக்குவாரு, பாரமும் தூக்குவாரு. ரெண்டு சம்பளம் எதுக்குங்க?” என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் தினமும் மத்தியானம் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது இனி அவருக்குக் கஷ்டம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

“இவர அனுப்பிப்போட்டா நாங் குடுத்த ஒரு மாசச் சம்பளம் ஆரு திருப்பித் தருவா?” என்றார் அம்மா. “அந்தக் காசு தீர்ற வரைக்கும் இவரு உக்காந்திருக்கட்டும். சும்மா வந்தவரு தூக்கட்டும். டெம்போவுக்குக் கூலியாள் செலவாவது மிஞ்சும்.”

என் நாற்காலி தப்பித்தது. மூச்சு விடக்கூட இல்லை, அதற்குள் முதலாளியின் மெல்லிய குரல் கேட்டது.

“ஏனுங்க, சித்த அந்த ரெண்டு மோட்டாரையும் ஒண்ணாத் தூக்கிப்போடுங்க.”

எனக்கு ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தார். ஐநூறு ரூபாய்க்கு ஒன்று என்றால், சும்மா வந்தவருக்கு இரண்டு. தாராபுரத்துக்காரர் மறுபேச்சில்லாமல் இரண்டு கையிலும் எடுத்தார். அவர் முகம் சிவந்தது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித் தூக்க முடிந்தது. எலுமிச்சம்பழம் அதற்குப் பின்னால் வந்ததுதான்.

தரகர் தெருமுனை தாண்டிவிட்டார். நடக்க மட்டும் டாக்டரம்மா தடை சொல்லவில்லை என்பதால் வேகமாக நடந்து அவரைப் பிடித்தேன்.

“அவருக்கு ஏதாவது ஒரு வெல வெச்சுப்போட்டுப் போங்க.”

“சும்மா தர்றேன்னு சொன்ன பேச்சு என்னாறதுங்க?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “முப்பது வருசத்துல பேச்சு மாறுனதில்ல.”

“சும்மாத் தந்தா ரெண்டு ரெண்டாத் தூக்கச் சொல்றாங்க. ஒரு வருசத்துல என்னை மாதிரி ஆயிருவாரு. அப்புறம் அதுவும் ஒரு குத்தமாயிப் போகுமுங்க.”

தரகர் நின்றார். உதட்டை அசைத்து எதையோ கூட்டிக் கழித்தார். பிறகு திரும்பி நடந்து பட்டறைக்குள் நுழைந்தார்.

“அம்மணி, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. மாத்து ஆளு எப்பக் குடுக்கோணும்? மொத ஆளு இல்லாமப் போனாத்தானே? எம்பட மொத ஆளு இந்தா உங்க நாக்காலியிலயே உக்காந்திருக்காரு. அப்ப இவுரு மாத்து இல்லீங்க. புது உருப்படி. புது வெல.”

அம்மாவுக்கு இதில் ஓட்டை தெரியவில்லை. எனக்கும்தான். பேசி முடிக்கலாம் என்றார். தரகர் பழக்கத்தில் துண்டை எடுத்தார், எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு தடுமாறினார். ஒரு பெண்ணிடம் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேச முடியுமா? சந்தையில் அப்படி ஒரு நிலைமை வந்ததே இல்லை. அம்மா மேஜையிலிருந்த கால்குலேட்டரை எடுத்து நடுவில் வைத்தார்.

“இதும்மேல போடுங்க.”

துண்டுக்கு அடியில் கால்குலேட்டர். அம்மா தட்டுவார், தரகர் குனிந்து துண்டைத் தூக்கிப் பார்த்து, பாதி உயிர் போன மாதிரி தலையாட்டி அவர் ஒன்றைத் தட்டுவார். கால் மணி நேரம் நடந்தது. “குத்தம் ஒண்ணுங்கூட இல்லீங்க, எதுக்குக் கொறைப்பீங்க?” என்று தரகர் நடுவில் கத்தியது மட்டும் காதில் விழுந்தது.

எவ்வளவுக்கு முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று புதிதாகப் பட்டறைக்கு வந்தது. “அவருக்குக் குடுத்த காசுக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சுன்னா ஆரு பதில் சொல்றது?” என்று அம்மா கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து தொகையை ஊகித்துக்கொண்டேன். தாராபுரத்துக்காரருக்கு விஷயம் எதுவும் தெரியாது. தன் உடம்புக்கு நல்ல மரியாதை தருகிற பட்டறை என்று நினைத்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் ஆறடிக் கதை நின்றுபோனது. முதலாளிக்கு நானே அப்பளத்தை நகர்த்தி வைப்பேன்.

மூன்று மாதம் முடிந்த வாரத்தில் முதலாளியும் அம்மாவும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். ஸ்டோர் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“வணக்கம் சார், எங்க ஆபீஸ்ல இருந்து உங்களுக்கு ஸ்டோருக்கு ஒரு கேண்டிடேட் குடுத்திருந்தோம். ஃபீட்பேக் கேக்கலாம்னு கூப்பிட்டேன்.” அதே பெண்பிள்ளை. என் குரல் அவளுக்கு ஞாபகம் இல்லை.

“கேளுங்க” என்றேன்.

“அவரு எப்படி இருக்காருங்க சார்?”

“நல்லா உக்காந்திருக்காருங்க.”

“அஞ்சுக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க சார்?”

என்னைப் பற்றி இப்படி யாரும் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு மார்க் என்ற பேச்சே எனக்கு வந்ததில்லை. பெருந்தன்மையாக இருந்துவிடலாமா என்று யோசித்து, அளவாக “மூணரை” என்றேன்.

“ஓ. எங்க சர்வீஸ்ல ஏதாவது மாத்திக்கணும்னா சொல்லுங்க சார். ஃபீஸ் அதிகம்னு நிறையப் பேரு சொல்றாங்க. குறைக்கலாமான்னு மேனேஜர் யோசிக்கறாரு.”

“அய்யோ, வேண்டாமுங்க!” கத்திவிட்டேன். தாராபுரத்துக்காரர் தள்ளுவண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டேன். “தயவு செஞ்சு கொறைச்சுப்போடாதீங்க. முடிஞ்சா இன்னுங்கொஞ்சம் ஏத்துங்க.”

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மிகவும் மரியாதையாக, “சார், உங்க பேரும் பதவியும் சொன்னீங்கன்னா மேனேஜர்கிட்டச் சொல்லுவேன்” என்றாள்.

டெம்போ வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.